சித்தேரியிலும் மேலகிரியிலும் இருக்கும் மூலிகைகள்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

அரூர் பக்கத்து நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வெப்பமண்டலத் தாவர வளம் என்றாலே எல்லோரும் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் சொல்கிறார்கள், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வறண்ட பூமி, இங்கே மூலிகை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இருக்கிறது என்றால் வீட்டில் எதை நம்பிப் பயன்படுத்தலாம்? அப்புறம், அம்மா போடும் மாகாளிக்கிழங்கு ஊறுகாய்க்கு இப்போது கிழங்கே கிடைப்பதில்லையே, ஏன்?

வறண்ட பூமி என்பது சரி. அதனால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. மழைக்காடு ஒன்றுதான் வெப்பமண்டலக் காடு என்று பள்ளிக்கூடப் படங்கள் நம் மனதில் பதித்துவிட்டன. இலையுதிர் காடும் முட்புதர்க் காடும் ஆற்றோரக் காடும் கூட வெப்பமண்டலக் காடுகள்தான், அவை எல்லாமே இந்த இரண்டு மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் காவிரிக்கரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரம். அங்கே நீர்மருதும் நாவலும் புங்கனும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நிற்கும். பென்னாகரம் ஏறினால் உசிலையும் ஆவாரையும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக மேலகிரிக்குள் போய் உச்சியைத் தொட்டால் 1,300 மீட்டரைத் தாண்டிவிடும், அங்கே வேங்கை, கடுக்காய், நெல்லி. இந்தப் பக்கம் வத்தல்மலையில் காப்பியும் மிளகும் விளைகிறது. உயரம் மாற மாற மழை மாறுகிறது, மண் மாறுகிறது, செடியும் மாறுகிறது. தமிழ்நாட்டில் பூக்கும் தாவரங்கள் 5,600 வகைக்கு மேல். அதில் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைத் துண்டுகளான சித்தேரி, மேலகிரி, தீர்த்தமலைக்குப் பெரிய பங்கு உண்டு, யாரும் பேசுவதில்லை என்பதுதான் குறை.

வறட்சிக்கும் மருந்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மாசியில் காய ஆரம்பித்து சித்திரை வரைக்கும் காடு மொட்டையாக நிற்கும்போது, பச்சையாக ஓர் இலை மிஞ்சினால் ஆடு, மாடு, மான், புழு எல்லாம் அதைத்தான் தேடி வரும். செடியால் ஓட முடியாது. கசப்பு, துவர்ப்பு, பால், பிசின், காரமான வாசனை எண்ணெய் என்று தன்னைக் காத்துக்கொள்ள அது தயாரித்து வைத்திருக்கும் சரக்கைத்தான் நாம் மருந்து என்று எடுத்துக்கொள்கிறோம். பூச்சியைக் கொல்லவோ மிருகத்தை விரட்டவோ உண்டான பொருள் நம் உடம்புக்குள் போனாலும் ஏதாவது செய்யத்தான் செய்யும். ஆகவே யாராவது "மூலிகைதானே, பக்கவிளைவே இல்லை" என்று சொன்னால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். விளைவு இருந்தால் பக்கவிளைவும் இருக்கும்.

இதை உங்கள் நாக்கிலேயே பார்க்கலாம். சிறுகுறிஞ்சான் வேலிகளில் ஏறிக் கிடக்கும் கொடி, எதிரெதிராக முட்டை வடிவ இலை, இலையில் மெல்லிய ரோமம். தெரிந்தவர் காட்டிய கொடியில் இரண்டு இலையைக் கிள்ளி, நன்றாக மென்று நாக்கு முழுக்கப் படும்படி வைத்திருந்து துப்பிவிடுங்கள். வாய் கழுவிவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டால் மணலை மெல்வது போலத்தான் இருக்கும், நறநறவென்று கரையும், இனிப்பு மட்டும் வராது. வெல்லம் போட்டால் அதிலுள்ள உப்புக்கரிப்பும் மண்வாசனையும் தெரியும், இனிப்பு தெரியாது. உப்பும் புளிப்பும் எப்போதும் போல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்கிறது, அரைமணியிலிருந்து ஒருமணி நேரத்தில் தானாக விலகிவிடும். ரத்தச் சர்க்கரையையும் இது ஓரளவு குறைக்கும் என்பதற்குச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. சரி, அப்படியானால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே இந்தப் பொடியையும் தினம் சாப்பிட்டால்? இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி, வியர்த்து மயங்கி விழ வாய்ப்பு இருக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வெட்பாலை. நம் பக்கத்துக் கரடுகளில் சாதாரணமாக நிற்கும் சிறு மரம், வெள்ளைப் பூ. நீளமாக இரட்டைக் காய்கள் தொங்கும், இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். இலையைக் கையால் கிள்ளி, நல்ல தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடி ஜாடியில் வெயிலில் வையுங்கள். முதலில் எண்ணெயில் பச்சை கலக்கும், அப்புறம் ஓரத்தில் ஊதா படரும், சில நாளில் ஜாடி முழுக்கக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய், கடைசியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் நிறம் தெரியும் என்கிற அளவுக்குக் கருத்துவிடும். இதே இலையிலிருந்து அந்தக் காலத்தில் நீலச் சாயமும் எடுத்திருக்கிறார்கள். இந்த எண்ணெயைத்தான் சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்கிற சொரியாசிஸுக்கு மேலே பூசக் கொடுக்கிறார்கள், செதில் உதிர்வதும் அரிப்பும் குறைகிறது என்று பலர் சொல்வதை நான் நம்புகிறேன். நோய் போய்விடாது, அடங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பெயர், தயாரிப்பு விவரம் எதுவும் இல்லாமல் டப்பாவில் வரும் "மூலிகைக் களிம்பு" போட்டு இரண்டே நாளில் தோல் பளபளவென்று ஆகிவிட்டால் சந்தேகப்படுங்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வெட்பாலை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

நெல்லி, கடுக்காய், வேங்கை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் இந்த மலைச் சொத்துதான். அதற்கு மேல் அதில் போக வேண்டாம்.

வீட்டு வாசலில் இருக்கும் நித்தியகல்யாணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி நம் ஊரில் பலர் வீட்டில் வைக்கக்கூட மாட்டார்கள். இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. வெப்பமான நாடுகளெல்லாம் பரவி, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1952ல் அந்த இலை கனடாவில் ராபர்ட் நோபிள் என்கிற ஆராய்ச்சியாளர் கைக்குப் போனது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று விழுந்துவிட்டன. வெள்ளை அணு அளவு மீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அங்கே பிடித்தார்கள். நோபிளும் சார்லஸ் பியரும் சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள், அடுத்து இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. 1960களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்து. இதைக் கேட்டவுடனே இலையைப் பறித்து அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள். இலையில் அந்தப் பொருள் இருப்பது மிக மிகச் சொற்பம், குவியல் குவியலாக இலையைக் கொட்டி வடித்தால்தான் கிராம் கணக்கில் கிடைக்கும். மீதியுள்ள வேறு பல ஆல்கலாய்டுகளும், அதாவது செடி தயாரிக்கும் வீரியமான கசப்புச் சரக்குகளும், கஷாயத்தில் இறங்கும். சர்க்கரைக்கு என்று தினம் இந்தப் பூவைத் தின்கிறவர்களை நான் அரூர், ஊத்தங்கரை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன், நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

கண்வலிக்கிழங்கும் அதே கதைதான், இன்னும் அபாயம். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு அது. மழைக்காலத்தில் வேலியோரம் மஞ்சளும் சிவப்புமாகச் சுடர் விடும், இலை நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறும். இதன் விதையிலிருக்கும் கோல்சிசின் கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் நோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு வளர்த்து விதையை விற்கிறார்கள். ஆனால் கோல்சிசின் உடம்பில் செல் பிரிவதையே நிறுத்தும் பொருள். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் முதலில் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது, பிறகு வாந்தி, பேதி, அடுத்த சில நாளில் எலும்பு மஜ்ஜையே வேலை செய்யாமல் போய், பிழைத்தவர்களுக்கும் தலைமுடி கொத்தாகக் கொட்டும். தோட்டத்தில் இருந்தால் குழந்தைகளுக்குக் காட்டி, இதைத் தொடாதே என்று சொல்லி வையுங்கள்.

அடுத்தது மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும். இதில் ஆதாரம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நம் ஊரில் காமாலை வந்தால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கீழாநெல்லிதான் போகிறது. 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு வாங்கிய பாரூச் பிளம்பர்க்குடன் சேர்ந்து, லான்செட் என்கிற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த வைரஸை நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத போலி மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய செய்தி அது. பிறகு தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, அறுவடைக் காலம் வேறா, நோயாளிகள் வேறா என்று விவாதம் நீண்டது. இன்றைய நிலையில் ஹெபடைடிஸ் பிக்குக் கீழாநெல்லி போதும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அப்படியானால் நம் கண் முன்னால் எத்தனையோ பேருக்குச் சரியானதே என்பீர்கள். காமாலை என்பது தனி ஒரு நோய் கிடையாது, கண் மஞ்சளாவது வெளியே தெரியும் அடையாளம் மட்டும்தான். கெட்ட தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும், அப்போது எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பித்தக்குழாயில் கல் அடைத்தோ, கட்டி வந்தோ, குடியால் ஈரல் கெட்டோ வந்த காமாலையில் கீழாநெல்லிக்காகக் காத்திருக்கும் மூன்று வாரம் உயிரோடு விளையாடுவது. முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், பிறகு நீங்கள் கீழாநெல்லியை மோரில் கலந்து குடித்தாலும் நான் தடுக்க மாட்டேன். பறிக்கிறவர்களுக்கு ஒன்று: இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்கும் செடி ஒரே வகை கிடையாது, இரண்டு மூன்று இனங்கள் களைபோலக் கலந்தே முளைக்கும், சந்தையில் வரும் கட்டில் எல்லாம் இருக்கும். ஈரலைப் பற்றிப் பேசும்போது சீந்திலையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயத்தைத் தொடர்ந்து குடித்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஈரல் கோளாறோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் தன்னுடல் தாக்குநோயோ இருப்பவர்கள் சீந்தில் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது ஆடுதீண்டாப்பாளையாக இருக்கட்டும். அதுவும் அதன் உறவான ஈசுவரமூலி என்கிற பெருமருந்துக் கொடியும் நம் பக்கம் கரம்பிலும் காட்டோரத்திலும் கிடைக்கும். குடல்பூச்சிக்கும் விஷக்கடிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்தில் கொடுத்த மூலிகை மாத்திரையில் தவறுதலாக இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப் போனது, பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதை மனிதருக்கு உறுதியாகப் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பாட்டி கொடுத்தாரே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். சிறுநீரகம் கெடுவது மாதங்களோ வருடங்களோ கழித்து. பத்து வருடம் கழித்து டயாலிசிஸுக்குப் போகிறவர் அன்று குடித்த கஷாயத்தை யாரிடம் சொல்லப் போகிறார்? ஒரு செடி நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது என்பதால் உடனே கொல்லும் விஷம் அதில் இல்லை என்று வேண்டுமானால் தெரிந்துகொள்ளலாம், மெதுவாகக் கொல்லும் விஷத்தை அனுபவம் காட்டிக்கொடுக்காது. சிவப்பு உடம்பும் கறுப்பு இறகுமாகப் பறக்கும் அழகான வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்தக் கொடியில்தான் முட்டையிடும். அதன் புழு இந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கொடியை அவற்றுக்கு விட்டுவிடலாம்.

பாம்புக்கடிக்கு ஈசுவரமூலி, சிறியாநங்கை, எதுவுமே வேண்டாம். மருந்து கொடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் வேறு: நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில முறை விஷம் இறக்காமல் கடிக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து வேலை செய்யும் விஷமுறிவு ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஜிஎச்சுக்கோ நேராகப் போங்கள். கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காது, ராத்திரி தரையில் படுத்தவர் காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் வயிற்றுவலி என்று சொன்னால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

சரி, வீட்டில் எதைத்தான் பயன்படுத்துவது? எது சாப்பாடாகவே இருக்கிறதோ அதை. தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, வல்லாரைத் துவையல், சளிக்குக் கற்பூரவல்லி, காய்ச்சலுக்கு அப்புறம் வாய்க்கசப்பு போக மிளகு ரசம். பிரண்டையை மட்டும் நரம்பு எடுத்து நன்றாக எண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள், அதிலுள்ள ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் துகள்தான் கையும் நாக்கும் அரிக்கக் காரணம். ஆவாரம்பூவைப் பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிடலாம். நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு ஒன்று மட்டும் கிடையாது, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. காய்ச்சலில் குடிக்கலாம், ஆனால் டெங்கு என்றால் ரத்தத் தட்டணுவைப் பார்த்துக்கொண்டே குடியுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரசம், துவையல் அளவைத் தாண்ட வேண்டாம். மேலே போக வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார்.

கடைசியாக மாகாளி. பாறை இடுக்கில் வேர்விட்டுப் படரும் கொடி, இலையைக் கிள்ளினால் பால் வரும். வேரை மண்ணோடு முகர்ந்தாலே வெனிலா போல ஒரு கனத்த வாசனை மூக்கில் ஏறும். தோலைச் சீவி, நடுவிலிருக்கும் கட்டையான நரம்பை எறிந்துவிட்டு, சதையை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கி உப்புப் போட்ட தயிரில் மிளகாயும் கடுகும் அரைத்து ஊற வைப்பது உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிடைக்காமல் போனதற்குக் காரணம் நேரானது. நெல்லியில் காயைப் பறித்தால் மரம் நிற்கிறது, ஆவாரையில் பூவைப் பறித்தால் செடி நிற்கிறது, மாகாளியில் வேரைப் பிடுங்கினால் கொடியே போய்விடுகிறது. ஊறுகாய்க்கு மட்டும் என்றால் தாங்கியிருக்கும். நன்னாரிக்குப் பதிலாக இந்த வேர் மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது, வாசனை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நன்னாரி என்றே விற்றுவிடுகிறார்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது இப்போது அழியும் அபாயத்தில் இருக்கும் செடி. பாறை ஏறித் தோண்டும் மலைக்குடிகளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு செடிக்குச் சந்தையில் விலை ஏறும்போது அடி எப்போதும் கீழே இருப்பவர்கள்மேல்தான் விழுகிறது என்பது சித்தேரி அடிவாரத்துக்கு நன்றாகத் தெரியும். 1992 ஜூன் 20ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்த அடிவாரத்து வாச்சாத்தி கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி மக்களுக்குச் செய்த கொடுமைக்கு, 2011ல்தான் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது, 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மேலகிரியின் பெரும்பகுதி 2014ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், 2022ல் அதை ஒட்டிய காடு காவிரி தெற்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குள் போய் வேர் தோண்டுவது குற்றம். உன்னிச்செடி வேறு உள்ளே பரவி, அதன் புதருக்கடியில் சின்ன மூலிகை எதையும் முளைக்கவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மாகாளி வேண்டுமென்றால் நிலத்தில் வளர்ப்பதுதான் வழி. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேரைப் பற்றியும் இதைப் பெருக்குவதைப் பற்றியும் நிறைய வேலை செய்திருக்கிறது. விதை இரட்டைக் காய்க்குள் இருக்கும், வெடித்தால் வெள்ளைப் பஞ்சோடு பறந்துவிடும், அதனால் காய் வெடிக்கும் முன்பே பறித்து, புதிதாக இருக்கும்போதே மணல் கலந்த மண்ணில் விதைத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. உங்கள் நிலத்தில் பாறை ஒட்டிய மேட்டுப்பகுதி இருந்தால் அங்கேயே நடுங்கள். வேர் பருக்கச் சில வருடம் எடுக்கும், எடுக்கும்போதும் ஒரு பக்கத்து வேரை மட்டும் வெட்டி, மறுபக்கத்தை மண்ணோடு விட்டுவிடுங்கள்.